தொட்டியத்து ஐஸ் பெட்டி

தணிக்கையாளரே, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. தொட்டியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்கு வந்தீர்கள். இளநீர் குடித்தீர்கள். வாழைப்பழம் உலர்த்தும் கூடத்தைச் சுற்றிப் பார்த்தீர்கள். ஓர் ஐஸ் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தீர்கள், கிளம்பிவிட்டீர்கள். முகம் சுளித்தது தப்பில்லை. எதற்காகச் சுளித்தீர்கள் என்பதுதான் தப்பு.

மற்றவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவள். கடையில் ஓர் அலமாரி முழுக்க உலர்த்திய வாழைப்பழம் விற்கிறேன். தேன் நிறத்தில், விரல் நீளத்தில் இருக்கும். பாக்கெட்டின் மேல் நியாய வணிக முத்திரை உண்டு. அந்த முத்திரைக்கு அர்த்தம் இதுதான்: சந்தையில் விலை விழுந்தாலும் விவசாயிக்கு ஒரு குறைந்தபட்ச விலை கிடைக்கும். கூலிக்கு வேலை செய்பவர்களை மரியாதையாக நடத்துவார்கள். விலைக்கு மேலே, வாங்குபவர்கள் ஒரு கூடுதல் தொகை கொடுப்பார்கள், அதை ஊர்ப் பொது நன்மைக்குத்தான் செலவழிக்க வேண்டும்.

அந்தக் கூடுதல் தொகையில் தொட்டியத்து வாழை விவசாயிகள் சங்கம் ஓர் ஐஸ் பெட்டி வாங்கியது. மீன் வைக்கும் பெட்டி அல்ல. செத்தவரை வைக்கும் பெட்டி, கண்ணாடி மூடி போட்டது. பிள்ளைகள் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து முகம் பார்க்கும் வரை உடலைக் கெடாமல் வைத்திருப்பது. சங்கத்தார் அந்தச் செலவைச் ‘சுகாதாரம்’ என்ற தலைப்பில் எழுதினார்கள். அதோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல், பெட்டியின் பக்கவாட்டில் நியாய வணிக முத்திரையைப் பெரிதாக அச்சடித்து ஒட்டி, படம் எடுத்து, முத்திரை தரும் உங்களுக்கே அனுப்பி வைத்தார்கள். நீங்கள் ஆள் விட்டுப் பார்க்காமல் நீங்களே வந்தீர்கள். பிணம் வைப்பது சுகாதாரத்தில் சேராது என்றீர்கள். தகுந்த விளக்கம் வராவிட்டால் முத்திரையை நிறுத்தி வைப்போம் என்று எழுதினீர்கள்.

சங்கத்தின் செயலாளர் எனக்குப் போன் செய்தார். அவரைத் துரைராசு என்றே வைத்துக்கொள்வோம். இதில் வரும் பெயர்கள் எல்லாம் நான் மாற்றியவை. “நீங்க ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டு, வாங்குறவங்க சார்புல நாலு வரி எழுதிக் குடுங்கம்மா. அது போதும்” என்றார்.

முத்திரை போனால் என் அலமாரி போகும். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்த முத்திரைக்காகவே வருகிறவர்கள். அங்கே அந்தக் கூடம் மூடும். கிளம்பினேன். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைத் தொட முடியவில்லை.

திருச்சியில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. கிள்ளான் வெயில் வியர்க்க வைக்கும். திருச்சி வெயில் வியர்வையையும் உறிஞ்சிவிடும். மன்னார்புரத்தில் அறை. பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் பொங்கலும் கொத்சுவும் சாப்பிட்டேன். நெய் வாசனை இருந்தது, நெய் இல்லை. பரிமாறியவரிடம் சொன்னேன். “வாசனை வருதுல்லம்மா, அப்புறம் என்ன?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே முத்திரை ஞாபகமும் வந்தது.

ஆட்டோக்காரர் என் பேச்சைக் கேட்டவுடன் கண்டுபிடித்துவிட்டார். “சிலோனா, மலேசியாவா?”

“மலேசியா.”

“ஸ்ரீரங்கம், சமயபுரம், வயலூர்... ஒரே நாள்ல சுத்திக் காட்டிடுறேன்.”

“நான் ஒரு ஐஸ் பெட்டியைப் பார்க்க வந்தேன்.”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அதன் பிறகு சத்திரம் பேருந்து நிலையம் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. யார் செத்தார் என்று கேட்கப் பயந்திருப்பார்.

தொட்டியம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பேருந்தில் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வருவார்கள். இங்கே எனக்கு இடது பக்கம் ஒரு கல்யாணப் பேச்சுவார்த்தை, வலது பக்கம் ஒரு சொத்துத் தகராறு, முன்னால் ஒரு கோழி. குணசீலம் தாண்டியதும் பட்டென்று ஒரு சத்தம். கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, “டயர் போச்சு. பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்கங்க. டிக்கெட்ட பத்திரமா வச்சுக்கங்க” என்றார். எல்லாரும் அலுத்துக்கொண்டே இறங்கினோம்.

சாலையின் இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். கோடைக் காற்றில் ஒரு தோட்டம் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. குலை தள்ளிய மரங்கள், நடுவில் ஒடிந்து, ஒரே திசையில் விழுந்திருந்தன. பக்கத்தில் நின்ற ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வாழைதானாம், பூவன். நான் வந்த காரணத்தைச் சொன்னேன்.

“அந்த முத்திரச் சங்கமா? அவங்களுக்கு என்னங்க, காத்துல சாஞ்சாலும் சங்கத்துல கொஞ்சம் குடுக்கறாங்க. விலை விழுந்தப்பவும் அவங்களுக்கு விழல.”

“நீங்க ஏன் சேரல?”

“சேரணும்னா ஆடிட்டுக்குக் கட்டணும், அது எழுது இது எழுதுன்னு வருஷம் பூரா எழுதணும். என் தோட்டம் இருக்கற இருப்புக்கு நான் வாழை வைக்கறதா, எழுதிக்கிட்டே உக்காந்திருக்கறதா? என் பழம் அவங்க பழத்தைவிட எதுல குறைச்சல்? முத்திரை இல்ல, அவ்வளவுதான்.”

பக்கத்திலிருந்த அவர் மனைவி, “இவருக்குக் கையெழுத்துப் போடவே சோம்பேறித்தனம், அதச் சொல்லுங்க” என்றாள். அடுத்த பஸ் வந்தது. அதில் நின்றுகொண்டேதான் போனேன்.

துரைராசு பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. மோசமான மனிதர் அல்ல. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வியாபாரிகள் தோட்டத்துக்கே வந்து கேட்ட விலைக்கு அடித்துக்கொண்டு போன காலத்தில், வீடு வீடாகப் போய் விவசாயிகளைச் சேர்த்துச் சங்கம் கட்டியவர் அவர்தான்.

கூடம் சுத்தமாக இருந்தது. பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கையுறை, தலையில் துணித் தொப்பி. பின்பக்கம் தண்ணீர் வசதியுடன் கழிப்பறை. நான் உள்ளேயே போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் வேலை செய்தது.

மல்லிகா என்ற பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். “கக்கூஸப் பாக்கவா அவ்வளவு தூரத்துலேருந்து வந்தீங்க?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“முன்னாடி என்ன பண்ணினீங்க?”

“முன்னாடி வாழைக்கொல்லைதான். வேற எங்க போறது? மத்த இடத்துல இப்பவும் அப்படித்தான். இது வந்ததே இந்த முத்திரையாலதாங்க்கா. கூலியும் எங்க கையிலயே குடுக்கறாங்க, வீட்டுக்காரர் கையில இல்ல. அதுக்கே கும்பிடணும்.”

அவள் என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். அதை அனுப்ப என் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இழுத்துக்கொண்டிருக்கிறது, தம்பி குவைத்தில் இருக்கிறான் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

பிறகு துரைராசு பெட்டியைக் காட்டினார். தனி அறையில், துணி போர்த்தி வைத்திருந்தார்கள். துணியை அவர் எடுத்த விதம், கல்யாணப் புடவையைப் பிரித்துக் காட்டுவது போல் இருந்தது. பளபளவென்று இருந்தது. மாலை தொங்கவிட நான்கு மூலையிலும் கொக்கி. பக்கவாட்டில் உங்கள் முத்திரை.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க பெரியப்பா சித்திரையில போனாரு. பையன் சிங்கப்பூர்லேருந்து வர்றதுக்குள்ள... சொல்லக் கூடாதுங்கம்மா. மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் தூக்கினோம். அந்தப் பையன் இன்னும் அதச் சொல்லி அழுவான். மறுவாரமே கூட்டம் போட்டோம். எல்லாரும் கை தூக்கினாங்க. ஒரு கை கூடக் கீழ இல்ல. இது சுகாதாரம் இல்லாம வேற என்னங்க?”

எனக்கு அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எது பொது நன்மை என்று எங்கோ உட்கார்ந்திருக்கிறவர் எப்படி முடிவு செய்வது? உங்கள் மேல் வந்த கோபத்தோடு தலையாட்டினேன்.

“உறுப்பினருக்கு மட்டுந்தானா?” என்று கேட்டேன்.

“அப்படியெல்லாம் இல்லைங்கம்மா. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர் இருந்தாரு. அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அவருக்கும் குடுத்தோம். பொதுவுக்குத்தானே வாங்கினது.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் போவதாக இருந்தார். “நீங்களும் வந்துடுங்க. வெள்ளைக் கோபுரத்துப் பக்கம்தான் வண்டி நிறுத்துவேன். சேவிச்சுட்டு, ஒண்ணா சாப்பிட்டுட்டு, அந்த நாலு வரிய எழுதிடலாம்” என்றார்.

நான் சீக்கிரமாகவே ஸ்ரீரங்கம் போய்விட்டேன். கோயிலுக்குள் ஊரா, ஊருக்குள் கோயிலா என்று தெரியாத இடம். ஒரு மதிலைத் தாண்டினால் பாத்திரக் கடை, இன்னொரு மதிலைத் தாண்டினால் வங்கி. கிள்ளானில் கோயில் என்றால் ஒரு வாசல்தான், உள்ளே அல்லது வெளியே. ஒரு மெஸ்ஸில் காபி குடித்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று நினைத்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

மல்லிகா. “அக்கா, அப்பா போயிட்டாரு.”

அழுகையை நிறுத்திவிட்டுப் பேசுகிற குரல்.

“தம்பி நாளைக்குக் காலையிலதான் வந்து சேருவான். செயலாளர் போன எடுக்கல. பெட்டி வேணுங்க்கா. ஓட்டு வீடு, அனலா கொதிக்குது. நீங்க அவரப் பாக்கப் போறதா நேத்து சொன்னாங்கல்ல, கொஞ்சம் சொல்லிடுங்க.”

வெள்ளைக் கோபுரத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். முந்தைய நாள் ஊரில் பார்த்த அவர் கார் நின்றது. ஆள் இல்லை. கோயிலுக்குள் போயிருந்தார், போன் காருக்குள்ளேயே கிடந்தது. கண்ணாடி வழியாக அது ஒளிர்வது தெரிந்தது. மறுபடி மறுபடி ஒளிர்ந்தது. அது மல்லிகாவாகத்தான் இருக்கும்.

தரை சுட்டது. ஒவ்வொரு முறை கூட்டம் வெளியே வரும்போதும் வெள்ளைச் சட்டையைத் தேடினேன். அங்கே பாதிப் பேர் வெள்ளைச் சட்டை. பூக்காரி ஒருத்தி, “யாரத் தேடறீங்க? தொலைஞ்சு போயிட்டாங்களா?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் நிழலுக்கு ஒதுங்கி நின்ற, திருமண் இட்ட பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை. தாயார் சந்நிதியில கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். பெருமாளைச் சேவிச்சு, தாயாரையும் சேவிச்சுட்டுத்தான் வருவா. பதறாதேங்கோ” என்றார். பூக்காரி அவரைப் பார்த்து, “சாமி, பொணம் காத்துக் கெடக்காது” என்றாள்.

கடைசியில் அவர்கள் வந்தார்கள். துரைராசு, அவர் மனைவி. மனைவியின் கையில் பிரசாதம். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“அடடா... நல்ல மனுஷங்க அவரு. எங்க தோட்டத்துல இருபது வருஷம் மண்ணு அணைச்சவரு” என்றார். அவர் கண் உண்மையாகவே கலங்கியது. காரைத் திறந்து போனை எடுத்தார். நான் மூச்சு விட்டேன்.

“ஹலோ, முசிறியா? பெட்டி ஒண்ணு வேணும். வாடகை நான் குடுத்துடறேன்...”

எனக்கு முதலில் புரியவில்லை. “முசிறிக்கு எதுக்குப் போன் பண்றீங்க? பெட்டி உங்க கூடத்துலயே இருக்கே.”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். “அது உறுப்பினர்களுக்குங்கம்மா. கூடத்துல வேலை செய்யறவங்க உறுப்பினர் இல்லைங்க. நிலம் இருக்கறவங்கதான் உறுப்பினர்.”

“போஸ்ட்மாஸ்டருக்கு நிலம் இருந்துச்சா?”

அவர் கோபுரத்தைப் பார்த்தார். பதில் சொன்னது அவர் மனைவி.

“அந்தத் தெருவுல வச்ச பெட்டியக் கொண்டாந்து, நாளைக்கு எங்க மாமியார அதுல படுக்க வைக்கச் சொல்றீங்களா?”

“நீ சும்மா இரு” என்றார் துரைராசு.

“நான் எதுக்கு சும்மா இருக்கணும்? ஊர்ல எல்லாரும் சொல்றதத்தான் சொல்றேன்.”

துரைராசு என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். “நான் வேணும்னு நெனச்சாலும் முடியாதுங்கம்மா. அந்தப் பெட்டி அந்தத் தெருவுக்குள்ள போச்சுன்னா, நாளைக்கே பாதிப் பேரு சங்கத்த விட்டுப் போயிடுவாங்க. சங்கம் உடைஞ்சா கூடம் இல்ல. கூடம் இல்லன்னா மல்லிகாவுக்கு வேலை இல்ல. உங்களுக்குப் பழம் இல்ல. நீங்க சர்டிபிகேட்டுக்காக வந்தீங்க. அத மட்டும் பாருங்க.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. நல்ல வார்த்தைகள் இல்லை. சேவிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை என்பது எனக்குத் தெரியும்.

அவர் காரிலேயே ஊருக்குப் போனோம். பிரசாதப் புளியோதரையின் வாசனை மட்டும் காருக்குள் இருந்தது.

முசிறியிலிருந்து பெட்டி ஒரு சின்ன வேனில் வந்தது. பழைய பெட்டி. மூடியில் கீறல். அந்தத் தெருவில் மின்சாரம் குறைவாக வந்ததால் மோட்டார் இழுக்கவில்லை. பிரதான சாலையில் இருந்த ஒரு கடையிலிருந்து வயர் இழுத்தார்கள். மோட்டார் உறுமும், நிற்கும், எல்லாரும் அதைப் பார்ப்பார்கள், மறுபடி உறுமும். அழுவதற்குக் கூட யாருக்கும் அமைதி இல்லை. அதே ஊரில், நடந்து போகிற தூரத்தில், புதுப் பெட்டி ஒன்று துணி போர்த்திக்கொண்டு சும்மா இருந்தது.

துரைராசு மாலை போட்டார். தெருவுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி, குனிந்து போட்டார். இதையும் நான் சொல்ல வேண்டும்.

மல்லிகா பெட்டியைப் பார்த்தாள். அதன் பக்கவாட்டை, முத்திரை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். “முசிறிப் பெட்டியா?” என்றாள்.

மறுநாள் காலை தம்பி விமான நிலையத்திலிருந்து நேராக வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பெட்டி தாக்குப்பிடித்திருந்தது. அடக்கம் முடிந்த பிறகு மல்லிகா என்னிடம் வந்தாள்.

“நீங்க கோயில் வாசல்ல சண்டை போட்டீங்களாமே. ஊரே பேசுது.”

“நான் இதை எழுதப் போறேன். உன் பேரைப் போட மாட்டேன். எழுதட்டுமா?”

அவள் யோசித்தாள். “எழுதுங்க. ஆனா முத்திரை போயிடக் கூடாதுக்கா. போச்சுன்னா எங்களுக்குத் திருப்பூர்தான். இல்லாட்டி மறுபடியும் வாழைக்கொல்லை. பெட்டி வாங்கக் கை தூக்கினப்ப நாங்க பக்கத்து ரூம்லதான் பழம் உரிச்சுக்கிட்டிருந்தோம். சத்தம் கேட்டுச்சு, கை தட்டினாங்க. எங்களையும் கூப்பிட்டு உக்கார வைக்கச் சொல்லுங்க. பெட்டி குடுக்காட்டி போறாங்க, எங்க முகத்தப் பாத்துக்கிட்டு ‘குடுக்க மாட்டோம்’னு கை தூக்கட்டும்.”

விமான நிலையத்துக்குத் துரைராசுதான் கொண்டுவந்து விட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. என் பயணப் பையை இறக்கி வைத்துவிட்டு, தயங்கி, “அந்த நாலு வரி...?” என்றார்.

“எழுதுறேன்” என்றேன். நாலு வரிக்கு மேலேயே எழுதிவிட்டேன்.

தணிக்கையாளரே, இப்போது உங்களிடம் வருகிறேன். முத்திரையைப் பிடுங்கிவிட்டு, கடமை முடிந்தது என்று போய்விடாதீர்கள். அது உங்களுக்குச் சுலபம். முத்திரை போனால் அந்தக் கழிப்பறை பூட்டப்படும், கையில் கிடைக்கும் கூலி நிற்கும், ஐஸ் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். முத்திரையால் நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தாழ்ப்பாளை நானே போட்டுப் பார்த்தேன். ஆனால் நீங்கள் அந்தப் பெண்களைச் செயலாளர் முன்னால் நிற்க வைத்துக் கையுறையைப் பற்றிக் கேட்டீர்கள். பெட்டி எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டீர்கள். அது எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்று கேட்கவில்லை. யார் கை தூக்கினார்கள், யார் பக்கத்து அறையில் இருந்தார்கள் என்று கேட்கவில்லை.

திரும்பி வாருங்கள். செயலாளர் இல்லாத இடத்தில் கேளுங்கள். பழம் உரிப்பவர்களுக்கும் கூட்டத்தில் இடம் கொடுத்தால்தான் அந்தக் கூடுதல் தொகையைத் தொடலாம் என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா இல்லையா? இருந்தால் ஏன் சொல்லவில்லை? இல்லையென்றால் பாக்கெட்டின் மேல் ‘நியாயம்’ என்று எதை வைத்து அச்சடிக்கிறீர்கள்?

என் கடையில் எல்லாப் பாக்கெட்டையும் முத்திரை சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம், ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்கிறேன். விற்பனை குறைந்திருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. எனக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பிச் சமாதானம் சொல்லாதீர்கள். அந்தப் பெண்கள் சிரிக்கிற படத்தை உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களே, அதே பக்கத்தில், அந்தப் படத்துக்குக் கீழேயே, அவர்கள் படிக்கும்படி தமிழில் எழுதுங்கள்: அந்தப் பெட்டி யாருக்கு?

பதில் சொல்லுங்கள்.